தளமும் மூட்டும்: நிலநடுக்கத்தில் எஃகுச் சட்டக இணைப்புகளும் கான்கிரீட் தளமும்

எஃகுச் சட்டகக் கட்டடத்தில் தூண்களும் உத்திரங்களும் நிறுத்தப்பட்ட பிறகு, உத்திரங்களின் மேல் நெளிவுள்ள டெக் தகடு விரிக்கப்படுகிறது. தகட்டின் ஊடாக உத்திரத்தின் மேல்விளிம்பில் ஸ்டட்கள் பற்றவைக்கப்படுகின்றன. இவை பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள, தலை பருத்த எஃகு முளைகள். அதன்மேல் வலைக்கம்பி பரப்பி கான்கிரீட் ஊற்றுகிறார்கள். கான்கிரீட் தூணின் நாற்புறமும் நிரம்பி, தூண் தகடுகளோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கெட்டிப்படுகிறது. அந்தக் கணத்திலிருந்து உத்திரமும் தூணும் சந்திக்கும் இடத்தில் எஃகு மட்டும் இல்லை. அங்கே சேர்ந்து வேலை செய்யும் மூன்றாவது உறுப்பு ஒன்று வந்துவிட்டது.

நிலநடுக்கத்தைத் தாங்கும் சட்டகத்தைக் கணக்கிடும்போது இந்த மூன்றாவது உறுப்பை விட்டுவிடுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. உத்திரத்தின் வலிமை என்றால் வெற்று எஃகின் வலிமை. தூணின் வலிமையை அதோடு ஒப்பிட்டால் போதும். பற்றவைப்பு அந்த அளவைத் தாங்கினால் போதும். தளம் கூடுதலாக ஏதேனும் வலிமை தந்தால் அது இலாபக் கணக்கு என்று கருதப்பட்டது. புவியீர்ப்புச் சுமைக்கு இந்த எண்ணம் பொருந்தும். நிலநடுக்கத்துக்குப் பொருந்தாது. நிலநடுக்க வடிவமைப்பில் எந்த உறுப்பு முதலில் மீளாநிலைக்கு, அதாவது பழைய வடிவுக்குத் திரும்பாத நிலைக்குப் போக வேண்டும், எது கடைசிவரை உறுதியாக நிற்க வேண்டும் என்ற வரிசையே அடிப்படை. ஓர் உறுப்பு எதிர்பார்த்ததைவிட வலுவாகிவிட்டால், அந்த வலு அடுத்த உறுப்பின் மேல் சுமையாக இறங்குகிறது. கணக்கில் சேராத வலிமை இங்கே பாதுகாப்பு ஆகாது.

விசை செல்லும் வழி

சாதாரண நாட்களில் தூணுக்கு அருகே உத்திரம் மேல்நோக்கி வளைகிறது. மேல்விளிம்பில் இழுவிசை, கீழ்விளிம்பில் அமுக்குவிசை. கான்கிரீட் இழுவிசையைத் தாங்காமல் வெடிப்பு விடுவதால், அந்த இடத்தில் தளத்தின் பங்கைப் புறக்கணிப்பது நியாயமானது. நிலநடுக்கம் இந்த நிலையைப் புரட்டிப்போடுகிறது. கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது ஒரு தூணின் ஒருபுறத்து உத்திரம் கீழ்நோக்கியும் மறுபுறத்து உத்திரம் மேல்நோக்கியும் வளைகின்றன. அடுத்த அரை அலைவில் இரண்டும் இடம் மாறுகின்றன. கீழ்நோக்கி வளையும் பக்கத்தில் தளம் அமுக்கத்துக்கு உள்ளாகி, தூணின் முகத்தில் நேராக முட்டுகிறது. அமுக்கத்தைத் தாங்குவதுதான் கான்கிரீட்டின் இயல்பான பலம்.

தளத்திலிருந்து தூணுக்கு விசை போகும் வழிகள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, தூணின் முகத் தகட்டில் கான்கிரீட் நேரடியாக அழுத்துவது. இரண்டாவது, தூணின் இரு பக்கங்களிலும் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் உருவாகும் அமுக்கப் பட்டைகள். இவை தூண் தகடுகளுக்கு இடையே உள்ள குழிவில் நிரம்பிய கான்கிரீட்டின் வழியே எதிர்ப்புறத் தகட்டின் உட்பக்கத்தைத் தள்ளுகின்றன. ஐரோப்பிய நிலநடுக்க விதிநூலான யூரோகோடு 8 தன் பிற்சேர்க்கை ஒன்றில் இவ்விரண்டையும் தனித்தனி இயக்கமுறைகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கம்பி தேவை என்று கணக்கிடச் சொல்கிறது. குறுக்கு உத்திரமும் அதன் ஸ்டட்களும் சேர்ந்து தரும் மூன்றாம் வழி ஒன்றும் அதில் உண்டு.

முகத்தில் அழுந்தும் கான்கிரீட் எவ்வளவு தாங்கும்? தூண் முகத்தையொட்டிய சிறு பகுதியைச் சுற்றியுள்ள தளம் எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடிப்பதால், அங்கே கான்கிரீட் தன் உருளைச் சோதனை வலிமையையும் தாண்டிச் செல்கிறது. அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் டு பிளெசியும் டேனியல்சும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு இதை 1.3 மடங்கு என்றது. ஜப்பானில் பின்னர் நடந்த சோதனைகள் 1.8 மடங்குவரை காட்டின. இந்த இரு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு சிறியதாகத் தோன்றும், விளைவு சிறியதல்ல.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. இந்தியச் சந்தையில் கிடைக்கும் ஐ.எஸ்.எம்.பி. 600 உத்திரம், 250 மெகாபாஸ்கல் தகைவில் மீளாநிலைக்குப் போகும் எஃகு. வெற்று உத்திரத்தின் பிளாஸ்டிக் திருப்புத்திறன் (வெட்டுமுகம் முழுவதும் மீளாநிலைக்குப் போகும்போது தாங்கும் திருப்பம்) ஏறத்தாழ 878 கிலோநியூட்டன்-மீட்டர். அதன்மேல் 50 மில்லிமீட்டர் உயர டெக் தகடும், அதற்கு மேல் 80 மில்லிமீட்டர் முழுக் கான்கிரீட்டும் இருப்பதாகக் கொள்ளலாம். உருளை வலிமை 20 மெகாபாஸ்கல். தூண் முகத்தின் அகலம் 300 மில்லிமீட்டர். 1.3 மடங்கு என்ற கணக்கில் கான்கிரீட் தூணின் மீது செலுத்தும் விசை 624 கிலோநியூட்டன். இதற்குச் சமமாக எஃகில் இழுவிசை கூட வேண்டியிருப்பதால், உத்திரத்தின் நடு உயரத்தில் இழுவிசைக்கும் அமுக்குவிசைக்கும் எல்லையாக இருந்த நடுநிலை அச்சு 104 மில்லிமீட்டர் மேலே ஏறுகிறது. திருப்புத்திறன் 1,089 ஆகிறது. 24 விழுக்காடு அதிகம். 1.8 மடங்கு என்று எடுத்தால் அதிகரிப்பு 31 விழுக்காடு.

திருப்புத்திறன் கூடுவதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது நடுநிலை அச்சின் இடமாற்றம். முன்பு கீழ்விளிம்பு அச்சிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. இப்போது 404 மில்லிமீட்டர். ஒரே அளவு வளைவுக்குக் கீழ்விளிம்பின் திரிபு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிட்டது. மேல்விளிம்பின் திரிபு அதே அளவு குறைந்துவிட்டது. மேலும் கீழும் சமமாகச் சுமந்த ஓர் உறுப்பு, ஒருபக்கம் சாய்ந்து சுமக்கத் தொடங்குகிறது. தூணில் முட்டும் விசையைத் தளத்துக்குள் கொண்டுசேர்க்கப் பத்துப் பன்னிரண்டு ஸ்டட்களே போதும். வழக்கமான உத்திரத்தில் அதைவிட அதிகமாகவே இருக்கும். ஆகவே வடிவமைத்தவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தளம் இந்த வேலையைச் செய்தே தீரும்.

நார்த்ரிட்ஜ், கோபே

1994 ஜனவரி 17 அதிகாலையில் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் 6.7 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. எஃகுச் சட்டகக் கட்டடங்கள் எதுவும் இடிந்து விழவில்லை. பல கட்டடங்களில் வெளிப்பூச்சுக்கூடப் பெரிதாகச் சேதமடையவில்லை. பின்னர் உள் அலங்காரத்தையும் தீக்காப்புப் பூச்சையும் அகற்றிப் பார்த்தபோதுதான் உத்திரமும் தூணும் சேரும் பற்றவைப்புகள் நொறுங்கிப் பிளந்திருப்பது தெரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் இத்தகைய முறிவுகள் கண்டறியப்பட்டன. மீளாநிலையில் நன்றாக நீண்டு கொடுக்கும் என்று நம்பப்பட்ட இணைப்பு, நீளாமலேயே கண்ணாடியைப் போல உடைந்திருந்தது. முறிவுகளில் பெரும்பான்மை கீழ்விளிம்பில்.

கீழ்விளிம்பு ஏன்? ஒரே காரணத்தைச் சொல்லி முடிக்க முடியாது. பற்றவைப்பவர் உத்திரத்தின் மேல் இருந்துகொண்டு கீழ்விளிம்பைப் பற்றவைக்க வேண்டும். நடுத்தகடு குறுக்கே நிற்பதால் ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்தி மறுபுறத்திலிருந்து தொடர வேண்டும். குறைகள் அந்த நடு இடத்தில் சேர்கின்றன. பற்றவைப்புக்கு அடியில் வைக்கப்படும் எஃகுப் பட்டையை அகற்றாமல் விட்டுவிடுவது அப்போதைய வழக்கம். அந்தப் பட்டைக்கும் தூணுக்கும் இடையே உள்ள இடுக்கு, ஏற்கெனவே வெட்டி வைத்த விரிசலைப் போன்றது. இரு விளிம்புகளிலும் பட்டை அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. மேல்விளிம்பில் அடிப்பக்கம் என்பது உத்திரத்தின் உட்புறம். அங்கே தகைவு சற்றுக் குறைவு. கீழ்விளிம்பில் அடிப்பக்கம் என்பது வெளியோரம்; தகைவு உச்சத்தில் இருக்கும் இடம். அக்காலத்தில் பயன்பட்ட பற்றவைப்பு உலோகமும் விரிசலைத் தடுத்து நிறுத்தும் தாங்குதிறன் குறைந்தது. இத்தனை பலவீனங்களும் கூடியிருந்த அதே இடத்தில்தான் தளம் கூடுதல் திரிபையும் கொண்டுவந்து சேர்த்தது.

மேல்விளிம்பு முறிவுகள் குறைவாகத் தென்பட்டதில் இன்னொரு காரணமும் கலந்திருக்கக்கூடும். மேல்விளிம்பைத் தளம் மூடியிருக்கிறது. கான்கிரீட்டை உடைக்காமல் அதை முழுமையாகச் சோதிக்க முடியாது. சேதத்துக்குக் காரணங்களில் ஒன்றான தளமே சில சேதங்களை மறைக்கும் திரையாகவும் நின்றது.

சரியாக ஓராண்டு கழித்து, 1995 ஜனவரி 17-இல் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. ஜப்பானிய இணைப்புமுறை வேறு. பெட்டி வடிவத் தூணுக்குள் ஊடுருவிச் செல்லும் தகடுகளை வைத்து, பெரும்பாலும் தொழிற்கூடத்திலேயே கவனமாகப் பற்றவைப்பார்கள். அங்கும் உத்திர முனைகளில் முறிவுகள் ஏற்பட்டன. அங்கும் கீழ்விளிம்பே முன்னணியில் நின்றது. இரு நாடுகளின் பற்றவைப்பு முறைகளும் வேறுபட்டிருக்க, இரண்டிலும் பொதுவாக இருந்தவற்றுள் ஒன்று உத்திரத்தின் மேல் கிடந்த தளம். இந்த ஒற்றுமை ஆய்வாளர்களின் கவனத்தைத் தளத்தின் பக்கம் திருப்பியது.

நார்த்ரிட்ஜுக்கு முந்தைய நம்பிக்கைக்கு அடித்தளமாக இருந்தவை பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எகோர் பொப்போவ் முதலியோர் 1970-களில் நடத்திய சோதனைகள். அவை சிறந்த சோதனைகளே. ஆனால் சோதிக்கப்பட்டவை கான்கிரீட் தளம் இல்லாத வெற்று எஃகு மாதிரிகள். உத்திரங்களும் பிற்காலத்தில் கட்டடங்களில் போடப்பட்டவற்றைவிடச் சிறியவை. ஆய்வுக்கூடத்தில் தளத்தோடு மாதிரி செய்வது செலவு மிக்கது, இடத்தை அடைப்பது, சோதனை நேரத்தைக் கூட்டுவது. அந்தச் சிரமத்தைத் தவிர்த்ததன் விலை பிறகுதான் தெரிந்தது.

தளத்தோடு செய்த சோதனைகள்

நார்த்ரிட்ஜுக்குப் பின் அமெரிக்காவில் மூன்று அமைப்புகள் சேர்ந்து எஸ்.ஏ.சி. கூட்டு முயற்சியை நடத்தின. கூட்டரசின் அவசரகால மேலாண்மை முகமையான ஃபெமா நிதி தந்தது. 2000-இல் வெளிவந்த ஃபெமா 350 வரிசை வழிகாட்டிகள் அதன் விளைவு. இந்தக் காலகட்டத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ராபர்டோ லியோன், ஜெரோம் ஹஜ்ஜர் குழுவினர் தளத்தோடு கூடிய இணைப்புகளைச் சோதித்து 1998-இல் முடிவுகளை வெளியிட்டனர். கீழ்நோக்கிய வளைவில் கீழ்விளிம்பின் திரிபு மேல்விளிம்பினதைவிடப் பல மடங்கு இருந்தது. நார்த்ரிட்ஜில் கட்டடங்கள் காட்டிய ஏற்றத்தாழ்வு ஆய்வுக்கூடத்தில் அளந்து உறுதிசெய்யப்பட்டது.

இன்னும் தெளிவான சான்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அங்கே சம்னரும் முர்ரேயும் உத்திரத்தின் முனையில் தகட்டைப் பற்றவைத்து அதைத் தூணோடு போல்ட் போட்டு முறுக்கும் இணைப்பைச் சோதித்தனர். தளம் தூணைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்டட்கள் இணைப்பின் அருகிலிருந்தே தொடங்கின. கீழ்வரிசைப் போல்ட்கள் எதிர்பார்த்ததற்கு முன்பே இழுவிசையில் அறுந்தன. பின்னர் சீக்கும் முர்ரேயும் அதே வகை இணைப்பை இரு மாற்றங்களோடு சோதித்தனர்: தளத்துக்கும் எஃகுக்கும் நடுவே அமுங்கக்கூடிய பொருள், உத்திர உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு ஸ்டட் இல்லை. போல்ட்கள் தாங்கின. இணைப்பில் வேறு எதுவும் மாறாமல் தளத்தை மட்டும் விலக்கியதால் கிடைத்த பலன் இது. நடுநிலை அச்சைப் பற்றிய வாதத்தை இதைவிட நேராக நிறுவ முடியாது.

ஆனால் எல்லாச் சோதனைகளும் தளத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லவில்லை. பெல்ஜியத்தில் ஆந்த்ரே பிளூமியே வகுத்து, நார்த்ரிட்ஜுக்குப் பின் அமெரிக்காவில் பரவிய டாக்போன் இணைப்பில், தூணிலிருந்து சற்றுத் தள்ளி உத்திரத்தின் விளிம்புகளை இருபுறமும் வளைவாக வெட்டி எடுத்துவிடுவார்கள். உத்திரம் மீளாநிலையில் மடங்கும் பிளாஸ்டிக் கீல் அந்த ஒடுங்கிய இடத்தில் உருவாகும், பற்றவைப்பு தப்பிக்கும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் எங்கல்ஹார்ட் குழுவினர் இதைத் தளத்தோடும் தளமின்றியும் சோதித்தபோது, தளம் தீங்கு செய்யவில்லை. மாறாக உத்திரத்தை நிலைப்படுத்தியது.

அதன் காரணம் எளிது. உயரமான ஐ-வடிவ உத்திரம் மீளாநிலையில் திரும்பத் திரும்ப வளையும்போது அதன் வலிமை குறைவது பெரும்பாலும் நெளிவால். விளிம்பு நெளியும், நடுத்தகடு நெளியும், இரண்டும் சேர்ந்து உத்திரத்தையே பக்கவாட்டில் முறுக்கும். தளம் மேல்விளிம்பை முழு நீளத்துக்கும் பிடித்துக்கொள்கிறது. மேல்விளிம்பு பக்கவாட்டில் நகர முடியாது, மேல்நோக்கி நெளியவும் எளிதில் முடியாது. கீழ்நோக்கிய வளைவில் அமுக்கத்தின் பெரும்பகுதியைத் தளமே வாங்கிக்கொள்வதால் அந்த விளிம்பில் நெளிவதற்கான தூண்டுதலும் குறைகிறது. மேல்நோக்கிய வளைவில் நிலைமை வேறு: அமுங்குவது கீழ்விளிம்பு, அதைப் பிடிக்க எதுவும் இல்லை, கம்பியின் இழுவிசையால் நடுநிலை அச்சு சற்று மேலேறுவதால் நடுத்தகட்டின் அமுக்கப் பகுதியும் நீள்கிறது. தளம் ஒருபுற வளைவில் காப்பாற்றி மறுபுற வளைவில் சற்றே கெடுக்கிறது. ஆகவே தளத்தோடு சோதித்த இணைப்பின் திருப்புத்திறன்-சுழற்சி வரைபடம் இருபுறமும் ஒத்திராது. ஒருபக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கும்.

தளம் தரும் வலிமைக்கு ஆயுள் உண்டு. கட்டடத்தின் பக்கச் சாய்வு கூடும்போது தூண் முகத்தின் கான்கிரீட் நொறுங்குகிறது. அடுத்த அலைவில் அங்கே இடைவெளி விழுகிறது. மூடும்வரை தளம் வேலை செய்யாது. பெர்க்லியில் லியூவும் அஸ்தானே-அஸ்லும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்கு காட்டுகிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது புவியீர்ப்புச் சுமைக்கு மட்டுமே வடிவமைக்கப்படும் எளிய இணைப்பு: தூணில் பற்றவைத்த ஒரு தகடு, அதில் உத்திரத்தின் நடுத்தகட்டைப் பிடிக்கும் சில போல்ட்கள். கணக்கில் இது வெறும் கீல், திருப்புத்திறன் பூஜ்யம். தளத்தோடு சோதித்தபோது அது வெற்று இணைப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு திருப்புத்திறனைத் தாங்கியது. சாய்வு 0.04 ரேடியனை எட்டியபோது கான்கிரீட் நொறுங்கி, இணைப்பு மறுபடி வெற்று எஃகைப் போலவே நடந்துகொண்டது. ஒரு கட்டடத்தில் நிலநடுக்கச் சட்டகம் சில வரிசைகளில்தான் இருக்கும். எளிய இணைப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவை ஒவ்வொன்றும் தரும் சிறு எதிர்ப்பு சேர்ந்து, பெரிய நிலநடுக்கத்தில் கட்டடம் ஒரு பக்கமாகச் சரியாமல் காக்கும் மறைமுக அரணாகிறது. தளத்தின் நன்மைகளில் மிகவும் குறைத்து மதிக்கப்பட்டது இதுவே.

தூணின் பங்கு

இணைப்பு தாங்கிவிட்டால் கதை முடிவதில்லை. நிலநடுக்கச் சட்டகத்தின் முதல் விதி: உத்திரம் முதலில் மீளாநிலைக்குப் போகட்டும், தூண் நேராக நிற்கட்டும். தூண்கள் ஒரு மாடியில் மட்டும் மீளாநிலைக்குப் போனால் அந்த மாடி முழுவதும் சரிந்துவிடும். இதைத் தடுக்க, மூட்டில் சேரும் தூண்களின் திருப்புத்திறன் உத்திரங்களினதைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று விதிகள் கேட்கின்றன. இந்தியத் தரம் ஐ.எஸ். 800:2007 சிறப்புச் சட்டகங்களுக்கு இந்த விகிதம் குறைந்தது 1.2 இருக்க வேண்டும் என்கிறது.

மேலே கண்ட ஐ.எஸ்.எம்.பி. 600 உதாரணத்தை இங்கே தொடரலாம். நடுத்தூண் ஒன்றின் இருபுறமும் அந்த உத்திரமே இருப்பதாகக் கொண்டால், வெற்றுக் கணக்கில் கூட்டுத் திருப்புத்திறன் 1,756 கிலோநியூட்டன்-மீட்டர். தளத்தோடு பார்த்தால், கீழ்நோக்கி வளையும் பக்கத்தில் 1,089. மேல்நோக்கி வளையும் பக்கத்தில், தூணையொட்டிய அகலத்தில் 10 மில்லிமீட்டர் கம்பிகள் எட்டு ஓடுவதாக வைத்தால், அவற்றின் 261 கிலோநியூட்டன் இழுவிசை சேர்ந்து 976. மொத்தம் 2,065, வெற்று எஃகைவிட ஏறத்தாழ 18 விழுக்காடு அதிகம். கம்பிகளின் இழுவிசை தூணை அடைவதற்குப் பக்கவாட்டு அமுக்கப் பட்டைகள் தேவை. 400 மில்லிமீட்டர் ஆழமுள்ள தூணில் அதற்கு இடம் போதும். கான்கிரீட்டின் மேல் எல்லையான 1.8 மடங்கை எடுத்தால் அதிகரிப்பு 21 விழுக்காடு. விதி கொடுத்த 1.2 என்ற இடைவெளி தளத்தாலேயே தீர்ந்துவிட்டது. உண்மையான எஃகு குறித்த வலிமையைவிட அதிகமாக இருப்பதும், திரும்பத் திரும்ப வளைவதால் அது மேலும் கடினப்படுவதும் இன்னும் கணக்கில் வரவில்லை.

எல்கடியும் லிக்னோசும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதே கேள்வியை முழுக் கட்டட அளவில் எழுப்பியது. அமெரிக்க மேற்குக் கரைக்காக வடிவமைத்த மாதிரிக் கட்டடங்களை இடிந்து விழும்வரை கணினியில் ஆராய்ந்தபோது, சராசரியாகப் பார்த்தால் தளம் கட்டடத்துக்கு நன்மையே செய்தது. ஆனால் சில கட்டடங்களில் கீழ்மாடிகள் மட்டும் சரியும் நிலையைத் தூண்டியது. நடுத்தூண்களின் மூட்டில் அளவுக்கு மீறிய சறுக்கையும் உண்டாக்கியது. தூண்-உத்திர விகிதம் 1.5-ஐத் தாண்டியபோது இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் மறைந்தன. தளத்தை அடக்க முயலாமல், அதற்கு ஈடுகொடுக்கும் தூணை வைப்பது என்ற இந்த வழி எளிமையானது, நேர்மையானதும்கூட.

மூட்டின் நடுவே, தூணின் நடுத்தகட்டில் உத்திர உயரத்துக்கு அமைந்த செவ்வகப் பகுதிக்குப் பேனல் பகுதி என்று பெயர். இருபுற உத்திரங்களும் எதிரெதிராகத் தள்ளும்போது அது சாய்சதுரமாகச் சறுக்கும். அளவான சறுக்கு ஆற்றலை உறிஞ்சும். மிகையானால் தூண் விளிம்பு மூலைகளில் மடங்கி, பற்றவைப்பின் மேல் கூடுதல் திரிபைச் சுமத்தும். தளம் இந்தப் பகுதிக்கு வரும் விசையைக் கூட்டுகிறது. மேல்மூலையைத் தளம் இறுக்கிப் பிடிப்பதால் மடங்கல் கீழ்மூலையில் குவிகிறது. ஏற்கெனவே திரிபு மிகுந்த கீழ்விளிம்புப் பற்றவைப்பு மறுபடியும் அதே இடத்தில் சுமையை ஏற்கிறது.

கோபேக்கு அருகே மிகி நகரில் உள்ள இ-டிஃபென்ஸ் அதிர்வு மேடை 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. 2007 செப்டம்பரில் அதன்மேல் முழு அளவிலான நான்கு மாடி எஃகுக் கட்டடம் ஒன்று, தளங்களோடு நிறுத்தப்பட்டு, கோபே நிலநடுக்கத்தில் தகாதோரி நிலையத்தில் பதிவான அதிர்வால் ஆட்டப்பட்டது. முழு அளவு அதிர்வில் அது சரிந்தது. சரிந்த இடம் முதல் மாடி. தூண்களின் அடியிலும் தலையிலும் தகடுகள் நெளிந்து வலிமையை இழந்திருந்தன. தூணின் வலிமை நெளிவால் குறைந்துகொண்டே போகும், உத்திரத்தின் வலிமை தளத்தால் கூடியிருக்கும் என்றால், வரைபடத்தில் இருந்த விகிதம் ஆட்டத்தின் நடுவே தலைகீழாகலாம் என்பதை அந்தச் சோதனையைப் படிப்பவர் எளிதில் உணரலாம்.

விலக்குவதா, சேர்ப்பதா

நடைமுறையில் இரு வழிகள் உருவாகியுள்ளன. தளத்தைத் தூணிலிருந்து விலக்கிவிட்டு வெற்று எஃகாகக் கணக்கிடுவது ஒன்று. தளத்தை முழுமையாகச் சேர்த்துக்கொண்டு அதற்கேற்பக் கம்பி கட்டி, தூணையும் பற்றவைப்பையும் பெரிதாக்குவது மற்றொன்று. யூரோகோடு 8 இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனால் விலக்கினேன் என்று சொல்பவர் முழுமையாக விலக்க வேண்டும் என்கிறது. தூணைச் சுற்றி, உத்திரத்தோடு சேர்ந்து வேலை செய்வதாகக் கொள்ளும் தளத்தின் செயல்படு அகலத்தைப் போல இரு மடங்கு விட்டமுள்ள வட்டத்துக்குள், தளம் எந்தச் செங்குத்து எஃகையும் தொடக்கூடாது. ஸ்டட்டும் இருக்கக்கூடாது, உத்திரத்தில் ஆணியடித்த டெக் தகடும் இருக்கக்கூடாது. பாதி விலக்கலை அந்த விதி ஏற்பதில்லை. இது சரியான கண்டிப்பு: நிலநடுக்கத்தில் தளம் முட்டுவதற்கு ஒரு மூலை கிடைத்தாலே போதும்.

அமெரிக்க விதிநூல் ஏ.ஐ.எஸ்.சி. 358 முனைத்தகடு-போல்ட் இணைப்புக்கு, வர்ஜீனியா டெக் சோதனைகளின் அடிப்படையில், தளம் தூண் தகடுகளிலிருந்து குறைந்தது 25 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்கிறது. அந்த இடைவெளியில் அமுங்கும் பொருளை வைக்கலாம். இதோடு, பிளாஸ்டிக் கீல் உருவாகும் பகுதியைக் காப்புப் பகுதி என்று குறித்து, அங்கே ஸ்டட் பற்றவைப்பதைத் தடைசெய்கிறது. ஸ்டட் பற்றவைப்பு மேல்விளிம்பில் சிறு வடுவை உண்டாக்கும். திரும்பத் திரும்ப மீளாநிலைக்குப் போகும் தகட்டில் அந்த வடு விரிசலின் தொடக்கப் புள்ளியாகலாம்.

விதி எழுதுவது எளிது. பணியிடத்தில் அதைக் காப்பது கடினம். ஸ்டட் சுடுபவர் வரிசையாக ஒரே இடைவெளியில் சுட்டுக்கொண்டு வருவார். தூணுக்கு அருகே நிறுத்த வேண்டும் என்பது வரைபடத்தில் ஒரு சிறு குறிப்பு. தூணைச் சுற்றி வைத்த நுரைப் பட்டை கான்கிரீட் ஊற்றும்போது நகர்ந்தால் இடைவெளி அடைபட்டுவிடும். கான்கிரீட் கெட்டியான பின் அதைக் கண்டுபிடிப்பது அரிது. காப்புப் பகுதியை உத்திரத்திலேயே வண்ணமடித்துக் காட்டுவதும், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு தூணையும் தனியாகச் சரிபார்ப்பதும் தவிர வேறு வழியில்லை.

விலக்கலுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. தளத்தின் எடைதான் நிலநடுக்க விசையின் மூலம். ஒவ்வொரு மாடியிலும் உருவாகும் விசையைத் திரட்டித் தூண்-உத்திரச் சட்டகத்துக்குக் கொண்டுசேர்ப்பது தளத்தின் அடிப்படை வேலை. தூணுக்கருகே விலக்கினால் அந்த விசை முழுவதும் உத்திரத்தின் நடுப்பகுதி ஸ்டட்களின் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஸ்டட்களை அதிகப்படுத்த வேண்டும். இணைப்பைக் காப்பாற்ற முனைந்து கட்டடத்தின் பிணைப்பை அறுத்துவிடக்கூடாது. தூணின் பக்கவாட்டு ஆதரவுக்கும் தளத்தையே நம்பியிருந்தால் அதையும் வேறுவழியில் ஈடுகட்ட வேண்டும்.

நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கிளிஃப்டன் உருவாக்கிய சறுக்குக் கீல் இணைப்பு இந்த விவாதத்துக்கு அழகான ஒரு விடை தருகிறது. உத்திரத்தின் மேல்விளிம்பு ஒரு தகட்டால் தூணோடு கட்டப்படுகிறது. சுழற்சி அந்த இடத்தைச் சுற்றியே நடக்கிறது. கீழ்விளிம்பும் நடுத்தகட்டின் கீழ்ப்பகுதியும் நீள்துளைகளில் இறுக்கிய போல்ட்களால் பிடிக்கப்பட்டு, குறித்த விசையைத் தாண்டியதும் சறுக்குகின்றன. சுழற்சியின் மையம் மேல்விளிம்பில் இருப்பதால் தளம் பெரிதாக அமுங்குவதும் இல்லை, விரிவதும் இல்லை. ஆற்றல் உராய்வில் தீர்கிறது. எஃகு மீளாநிலைக்குப் போவது குறைகிறது. தளம் எப்படியும் நடுநிலை அச்சை மேலே இழுக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, இணைப்பையே அதற்கேற்ப வகுத்தது இந்த வடிவமைப்பு.

பழைய கட்டடங்களில் இந்தச் சுதந்திரம் இல்லை. நார்த்ரிட்ஜுக்கு முன் கட்டப்பட்டவற்றில் தளம் ஏற்கெனவே தூணை இறுகப் பற்றியிருக்கிறது, மேல்விளிம்பு மூடப்பட்டிருக்கிறது, உள்ளே மக்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். மேல்விளிம்பைத் தொடுவது என்றால் ஒவ்வொரு மூட்டிலும் கான்கிரீட்டை உடைக்க வேண்டும். செலவைக் குறைக்கக் கீழ்விளிம்பை மட்டும் சீர்செய்யும் முறைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தனர்; 1999-இல் வெளிவந்த ஏ.ஐ.எஸ்.சி. வடிவமைப்பு வழிகாட்டி 12 இந்த முடிவுகளைத் தொகுத்தது. கீழ்விளிம்பை மட்டும் டாக்போன் வடிவில் வெட்டி, மேலே பழைய பற்றவைப்பை அப்படியே விடுவது போதுமானதாக இல்லை. கீழ்விளிம்புக்கு அடியில் முக்கோண வடிவ எஃகுத் தாங்கியைப் பற்றவைத்தபோது நிலைமை மேம்பட்டது. தாங்கி உத்திரத்தின் உயரத்தைக் கூட்டி, விசை தூணுக்குள் நுழையும் வழியையே மாற்றி, மேல்விளிம்புப் பற்றவைப்பின் சுமையைக் குறைத்தது. மேலிருந்த தளமும் அந்த விளிம்பின் திரிபைத் தணித்து உதவியது. எந்தப் பழைய கட்டடத்துக்கு எந்த முறை பொருந்தும் என்பதைத் தீர்மானிக்க, பழைய வரைபடத்தில் எஃகின் அளவுகளோடு தளத்தின் தடிமனையும், டெக் தகட்டின் நெளிவு ஓடும் திசையையும், ஸ்டட்களின் இடைவெளியையும், தூணைச் சுற்றி ஓடும் கம்பிகளையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.